கோவைச் சிறைச் செக்கு

கொடுமுடி, சிவகிரி வட்டாரத்தில் எள்ளும் கொப்பரையும் ஏலத்துக்கு வருகின்றன. இன்று அவற்றை ஆட்டுவது மோட்டார். முன்பு மாடுதான். உரலில் எள்ளைக் கொட்டி, எண்ணெய் பிரிய ஒரு துண்டு கருப்பட்டியும் போட்டு, நுகத்தடியில் மாட்டைப் பூட்டுவார்கள். பிண்ணாக்கு இறுக இறுக உலக்கை கனக்கும். மாடு திணறினால் ஓட்டுகிறவர் சற்று நிறுத்தி, தண்ணீர் காட்டிவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவார். தன் மாட்டின் மேல் அவருக்கு அந்த அளவு இரக்கம் இருந்தது.

கோயமுத்தூர் மத்தியச் சிறையிலும் ஒரு செக்கு இருந்தது. அங்கே பூட்டப்பட்டது மனிதன்.

1908 ஜூலையில் வ.உ.சிதம்பரம் பிள்ளை அந்தச் சிறைக்கு வந்தார். சுதேசிக் கப்பல் ஓட்டிய வழக்கறிஞர். அரசுக்கு எதிராகப் பேசியதற்காக, மேல்முறையீட்டில் குறைக்கப்படும் முன் நாற்பது ஆண்டு தண்டனை பெற்றிருந்தவர். முதலில் சணல் எந்திரம் சுற்றவிட்டார்கள்; உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. பிறகு செக்கு. 1910 டிசம்பரில் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்படும்வரை கோவைதான். வெளியே இருந்து அவருக்கு உதவியவர்களில் முக்கியமானவர், பின்னாளில் பெரியபுராணத்துக்கு உரை எழுதிய கோவை சி.கே.சுப்பிரமணிய முதலியார்.

செக்கு நின்ற இடத்தில் நின்றது. அது மூட்டிய கோபம் ஊர் ஊராகப் போனது. சுதேசிக் கப்பலை ஒடுக்கியதில் கை இருந்த அதிகாரி ஆஷ், 1911இல் திருநெல்வேலி ஆட்சியராக இருந்தார். அந்த ஆண்டு ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில், மனைவியுடன் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்த அவரைச் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டார். கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பிய பயணம் அது. கைத்துப்பாக்கி பெல்ஜியத்தில் செய்தது. குறிபார்க்கப் பழகியது புதுச்சேரியில், வ.வே.சு.ஐயரிடம். சுட்ட கையோடு வாஞ்சி தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார்.

வாஞ்சியின் துணிவை நான் குறைத்துப் பேசமாட்டேன். செக்கடியின் கொடுமையும் பொய்யில்லை. ஆனாலும் அந்தக் கொலையை என்னால் ஏற்க முடியவில்லை. ஆயுதம் இல்லாமல், மனைவியின் எதிரே உட்கார்ந்திருந்த ஒருவரைக் கொன்றது போர் ஆகாது. செக்கில் பூட்டியவர்கள் வ.உ.சி.யை வெறும் இழுவையாகப் பார்த்தார்கள். வாஞ்சி ஆஷை வெறும் பதவியாகப் பார்த்தார். எதிரே இருப்பது ஆள் என்ற நினைப்பு இரண்டிலும் இல்லை.

வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதமும் நெருடுகிறது. அதில் விடுதலையோடு சனாதன தருமமும் வருகிறது; ஆங்கிலேய அரசனை மிலேச்சன் என்றும், உண்ணும் மாட்டிறைச்சியைச் சொல்லியும் இழிக்கிறது. அதே இறைச்சியை உண்டதையும் காரணம் காட்டி ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட தமிழர்களுக்கு அந்த விடுதலையில் என்ன இடம்? சிலர் கூடி ரகசியமாக முடிவெடுக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்க அங்கே யாரும் இருப்பதில்லை. ஊர் கூடி நடத்தும் வேலைநிறுத்தத்தில் கேட்க ஆள் இருக்கும். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் அப்படித்தான் நின்றார்கள், வென்றார்கள். ஆஷ் கொலைக்குப் பிறகு வந்தது சதி வழக்கு. பதினான்கு பேர் குற்றவாளிக் கூண்டில் ஏறினார்கள். நெல்லைச் சீமையின் அரசியல் பல காலம் வாயடைத்துப் போனது.

வ.உ.சி. 1912 டிசம்பரில் விடுதலையானார். அவர் இழுத்த செக்கு கோவையை விட்டுக் கிளம்பி, இன்று சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் பார்வைக்கு இருக்கிறது. கொல்லாமையைப் பேசியவர் பெயரிலான இடத்துக்கு அது வந்து சேர்ந்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

சிறைத் தண்டனையால் வழக்காடும் உரிமையையும் இழந்திருந்தார் வ.உ.சி. அதைத் திரும்பக் கிடைக்கச் செய்தவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. செக்கிழுத்த அந்த மனிதர் தன் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார்.