வெயிலுக்கு விட்ட இடைவெளி

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் வண்டி, 1861இல் சேலத்துக்கு வந்துவிட்டது. பாதை போய்ச் சேரவேண்டிய இடம் மேற்குக் கடற்கரையின் பேப்பூர். ஆனால் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து நாமக்கல் பக்கம் வரை விரியும் சேலத்துச் சமவெளியில் இரும்பைப் படுக்கவைத்தவர்களுக்கு ஒரு தலைவலி காத்திருந்தது. மார்கழி விடியலில் சில்லிட்டுக் கிடக்கும் தண்டவாளம், அக்னி நட்சத்திர வெயிலில் கை வைக்க முடியாதபடி கொதிக்கும், சூடேறினால் நீளும்.

பின்னாளில் அகலப்பாதையில் நிலைத்த 13 மீட்டர் தண்டவாளம், 40 டிகிரி ஏற்றத்துக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும். ஒரு கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் 46 சென்டிமீட்டர்! அதற்கு வழிவிடத்தான் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே சிறு சந்து விட்டார்கள். இருபுறமும் பிஷ் பிளேட் என்ற இரும்புப் பட்டைகளை வைத்து போல்ட் முடுக்கினார்கள். 1847இல் இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்ஜஸ் ஆடம்ஸ் உருவாக்கிய இணைப்பு அது. தண்டவாளத்தில் போடும் துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிது. அந்த மிச்ச இடத்தில்தான் இரும்பு முன்னும் பின்னும் நகர்ந்தது.

துருப்பிடித்து இறுகினால் நகராது. அதனால் ஆண்டுக்கொரு முறை, அக்டோபர் முதல் பிப்ரவரிக்குள், கேங்மேன்கள் ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றி, துடைத்து, கிராஃபைட் கலந்த எண்ணெய் பூசி மறுபடி முடுக்கினார்கள். கோடையில் கழற்றுவது ஆபத்து. ரயில்வே வரலாறு பாலங்களையும் பொறியாளர்களையும் கொண்டாடுகிறது. பாதை கோணாமல் காத்த இந்த எண்ணெய்க் கைகளுக்கு அதில் இன்னும் நல்ல இடம் தரவேண்டும்.

சந்துக்கும் ஒரு விலை இருந்தது. ஒவ்வொரு சக்கரமும் அங்கே ஓர் அடி போட்டது. பயணிக்குத் தாலாட்டான அந்தத் தடதடப்பு, தண்டவாள நுனியை நசுக்கியது.

தீர்வு, பற்றவைப்பு. 1895இல் ஜெர்மானியர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் காப்புரிமை பெற்ற தெர்மிட் முறையில், அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் எரிந்து 2,000 டிகிரிக்கு மேல் கொதிக்கும் எஃகைத் தரும். அந்த வெப்பத்தைத் தாங்க மூசையின் உட்புறம் பூசுவது மேக்னசைட். ஏற்காடு அடிவாரத்து வெள்ளைக் குன்றுகளில் வெட்டியெடுக்கும் அதே கனிமம். சேலத்தில் அதன் பெயரிலேயே மேக்னசைட் ஜங்ஷன் இருக்கிறது.

நீளமாகப் பற்றவைத்த பாதை இரும்பை நகர விடுவதில்லை, பிடித்துவைக்கிறது. கான்கிரீட் சிலிப்பர், இரும்புக் கிளிப், ஜல்லி ஆகியவைதான் பிடி. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 1.9 டன் விசை சேரும்; 30 டிகிரி ஏறினால் 57 டன். இரு முனைகளையும் ஒட்டிய பகுதி மட்டும் மூச்சுவிடும். அங்கே அசைவுக்கு இடம் தரும் தனி இணைப்பு உண்டு.

விசையே இல்லாத ஒரு வெப்பநிலையில் தண்டவாளத்தைப் பூட்டுகிறார்கள். அதற்கு மேல் 10 டிகிரி ஏறினால் வழக்கமான பராமரிப்பு வேலையை நிறுத்தவேண்டும், ஜல்லியைக் கிளறக்கூடாது. 20 டிகிரி தாண்டினால் வெயில்காலக் காவல் நடை தொடங்கும். சேலம் பாதையில் லோக்கூர்ப் பக்கம் போல வளைவு மிகுந்த இடங்களில் சூடேறிய இரும்பு வெளிப்புறமாகத் தள்ளும். அதனால் வளைவின் வெளிப்பக்கத்தில் ஜல்லியைக் கூடுதல் அகலத்துக்குக் கொட்டுகிறார்கள்.