பாகப் பிரிவினையும் பின்னக் கணக்கும்

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயமான அந்நிஸா, வாரிசுகளுக்குரிய பங்குகளை ஆறு பின்னங்களாக வரையறுக்கின்றது: 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை முதலிய ஊர்களைக் கொண்ட கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இப்பங்குகள் தமிழ்க் கணக்கு வழக்கத்தோடு இணைய வேண்டியிருந்தது. அவ்விணைப்பு எளிதாக அமையவில்லை.

பழந்தமிழர் பின்னங்களைத் தொகுதி, பகுதி எனப் பிரித்துரைக்காமல் தனிப்பெயர்களால் வழங்கினர். 1/2 அரை, 1/4 கால், 1/8 அரைக்கால், 1/20 மா, 1/80 காணி, 1/320 முந்திரி. திருமறை கூறும் பங்குகளுள் முதல் மூன்றும் இப்பெயர்களில் அப்படியே அடங்கின. ஏனைய மூன்றும் அடங்கவில்லை. 320ஐ மூன்றால் மீதியின்றி வகுக்க இயலாது. ஆகவே முந்திரி வரை இறங்கினாலும் மூன்றில் ஒன்று முழுமையாகக் கிட்டாது.

காவிரிப் பாசன நாட்டில் ஒரு வேலி என்பது இருபது மா. ஒரு வேலி நிலமும் மக்களும் விட்டுச் சென்றவரின் தாய்க்கு ஆறில் ஒன்று உரியது. அது மூன்று மாவும், மேலும் ஒரு மாவில் மூன்றில் ஒன்றும் ஆகும். அந்த மிச்சத்தைச் சில்லறை எனத் தள்ளினால் குறைவது தாயின் உரிமையே.

ஃபராயிள் கலை இச்சிக்கலை ‘மக்ரஜ்’ கொண்டு தீர்க்கின்றது. எல்லாப் பங்குகளும் மீதியின்றிப் பிரியும் மிகச் சிறிய எண்ணே மக்ரஜ். அதுவே பொதுப் பகுதி எண். முழுமை எத்தனை கூறாயிற்று என்பதை அது காட்டும். அவற்றுள் ஒருவருக்கு எத்தனை என்பதைத் தொகுதி எண் காட்டும். இரண்டுக்கும் இடையே கோடிடும் முறையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் மக்ரிபின் அல்ஹஸ்ஸார் தம் நூலில் கையாண்டார்.

பங்குகள் மக்ரஜை விஞ்சுவதும் உண்டு. மனைவி, தாய், தந்தை, இரு பெண்மக்கள் வாரிசுகளாயின் மக்ரஜ் 24; பங்குகளோ 3, 4, 4, 16 எனக் கூடி 27 ஆகின்றன. மிம்பரில் நின்றிருந்த அலீ (ரலி) அவர்களிடம் இவ்வழக்கு வினவப்பட்டபோது, மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என உடனே விடையளித்தார்கள் என்பது மரபு. எனவே இது ‘மின்பரிய்யா’ எனப்படும். இங்குத் தொகுதி எண்கள் மாறவில்லை. பகுதி எண் மட்டுமே 27 ஆயிற்று. ‘அவ்ல்’ எனப்படும் இம்முறையில் எவர் பங்கும் விலக்கப்படாமல், குறைவு அனைவர்க்கும் ஒரே விகிதத்தில் பகிரப்படுகின்றது.

1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது. 1949இல் சென்னை மாகாணம் செய்த திருத்தமே நிலத்தையும் அதில் சேர்த்தது. இன்று கணிப்பான் ஆறில் ஒன்றை 0.1666… எனக் காட்ட, அதனை 0.16 எனச் சுருக்கிப் பத்திரத்தில் எழுதிவிடுவோர் உளர். நூறு சென்ட் நிலத்தில் அது பதினாறு சென்ட். உரியதோ பதினாறும் மூன்றில் இரண்டும். பின்னத்தைப் பின்னமாகவே இறுதிவரை வைத்துக் கணக்கிடுவது உரியவர்க்கு உரியதை முழுமையாகச் சேர்க்கும் அமானிதமாகும்.