லயச் சுண்ணாம்பு

மலேசியாவின் நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்த லய வீடுகளில் கிருமிநாசினிப் பூச்சாகவும் பயன்பட்டது வெள்ளைச் சுண்ணாம்பு. சுட்ட கல்லில் நீர் விட்டதும் அது கொதித்து வெடித்து, பாலாய் நீறும். தேங்காய்நார் மட்டையால் அடிக்கும்போது சாம்பல்நிறமாய்த் தெரியும் சுவர், காய்ந்த பிறகே வெளுக்கும்.

இதன் வலிமை காரத்தில் இருக்கிறது: pH ஏறத்தாழ 12.4, பெரும்பாலான பாக்டீரியா, பூசணம் அதில் பிழைப்பதில்லை. ஆனால் காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாக மாறியதும் அந்தக் காரம் போய்விடும். எனவே ‘நீடித்த பாதுகாப்பு’ என்பது மிகை. திரும்பத் திரும்ப அடித்தாக வேண்டும். மலேரியாக் கொசுவுக்குத் தெளித்த டிடிடியோ சுவரில் மாதக்கணக்கில் நின்றது. ஆனால் அது பூச்சியைக் கொல்வது, கிருமியை அல்ல. கிருமியைத் தடுக்கும் இன்றைய வெள்ளி அயனிப் பெயின்டும் அழுக்குப் படிந்தால் சரியாக வேலை செய்யாது.

இத்தகைய தோட்ட வீடுகளின் தரத்துக்கான மலேசியச் சட்டம் 1966இல் வந்தது; 1990இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது.