சீமெந்துத் தூசு: ஆலைக்குள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது ஆபத்து

சாய்ந்தமருதில் சீமெந்து ஆலை இல்லை. ஆனால் 2004 சுனாமிக்குப் பின்னர் கல்முனைக் கரையோரத்தில் எழுந்த வீடுகளுக்கெல்லாம் சீமெந்து மூட்டைகள் லொறி லொறியாக வந்திறங்கின. அந்த மூட்டை புறப்படும் இடத்தில் வேலை செய்பவர் எதைச் சுவாசிக்கிறார் என்பது இங்கு அதிகம் பேசப்படுவதில்லை.

இலங்கையில் இத்தொழில் 1950இல் காங்கேசன்துறையில் தொடங்கியது. அங்குள்ள சுண்ணக்கல்லுடன் முருங்கனிலிருந்து வந்த களிமண் சேர்க்கப்பட்டது. 1990இல் யுத்தத்தால் அந்த ஆலை மூடப்பட்டது. புத்தளம் பாலாவியிலுள்ள ஆலை அருவக்காட்டுச் சுண்ணக்கல்லை நம்பி எழுந்தது.

ஆலைத் தூசு என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அது ஒன்றல்ல. கல் உடைக்கும் இடத்திலும் மூலப்பொருள் அரைக்கும் இடத்திலும் பறப்பது சுண்ணக்கல், களிமண் தூசு. களிமண்ணிலும் மணலிலும் உள்ள குவாட்ஸ் எனும் படிக சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கும், அதுவே சிலிக்கோசிஸ். சூளையில் சுமார் 1450 பாகை செல்சியசில் வேகும்போது சிலிக்காவின் பெரும்பகுதி சுண்ணாம்புடன் சேர்ந்துவிடுகிறது. ஆகவே மூட்டையிலுள்ள சீமெந்தில் தனித்த குவாட்ஸ் மிகக் குறைவு. அதற்காக அது சாதுவான பொருளல்ல. ஈரம் பட்டால் கடும் காரமாகி கண், மூக்கு, தொண்டை, தோல் எல்லாவற்றையும் அரிக்கும். அதிலுள்ள குரோமியம் சிலருக்குத் தீராத தோல் அழற்சியைக் கொடுக்கும். நீண்டகாலம் சுவாசித்தால் இருமல், சளி, நுரையீரல் திறன் குறைவு.

தூசு மிகும் இடங்களில் முதன்மையானவை மூட்டை நிரப்பி ஏற்றும் பகுதியும் துப்பரவு வேலையும். கொட்டியதை உலர்ந்த தும்புத்தடியால் கூட்டுவதும், உடுப்பை அமுக்கக் காற்றால் ஊதுவதும் படிந்ததை மீண்டும் கிளப்புகின்றன. கண்ணுக்குத் தெரியும் புகார் சற்று நேரத்தில் அடங்கிவிடும். நுரையீரலின் ஆழத்துக்குப் போகும், 4 மைக்ரோன் அளவிலான துகள்களோ நெடுநேரம் காற்றிலேயே நிற்கும். கண் இதற்கு நம்பத்தகுந்த அளவுகோல் அல்ல.

அளக்கும் முறை எளிது: இடுப்பில் சிறு பம்பி, கழுத்துப்பட்டியருகே வடிதாள், ஒரு வேலை முறை முழுவதும். முடிவை எதனுடன் ஒப்பிடுவது என்பதில்தான் சிக்கல். நுரையீரலை எட்டும் சீமெந்துத் தூசுக்கு அமெரிக்கச் சட்டம் கன மீற்றருக்கு 5 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. அந்நாட்டுத் தொழிற்சுகாதார நிபுணர் அமைப்பின் பரிந்துரை 1 மில்லிகிராம். படிக சிலிக்காவுக்கான சட்ட எல்லை 0.05 மட்டுமே. ஆலைகள் பெருமையுடன் காட்டும் புகைபோக்கி வடிகட்டிகள் பெரும்பாலும் வெளியே உள்ள ஊரைக் காப்பவை. உள்ளே மூட்டை ஏற்றுபவருக்கு அவர் அருகிலேயே தூசை உறிஞ்சும் குழாய் வேண்டும். தூசை அகற்றும் பொறுப்பை 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உரிமையாளர் மீதே வைக்கிறது.

எமது பகுதிப் புளொக் கல் வாடிகளுக்கும் இது பொருந்தும். வெறும் பையை உதறாமல் மடித்து வைத்தல், நீர் தெளித்துக் கூட்டுதல், காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி நின்று பை வெட்டுதல் ஆகியவற்றுக்குச் செலவில்லை. முகக்கவசம் கடைசி அரண்தான். துணிக்கவசம் இந்த நுண்துகளை நிறுத்தாது. என்95 போன்றவை முகத்தில் இறுகப் பொருந்தினால் மட்டுமே பயன். தாடி வைத்தவருக்கு விளிம்பு வழியே தூசு நுழையும். அவர்களுக்கு மின்விசிறியால் வடித்த காற்றை ஊதும் தளர்வான தலைக்கவச வகை உண்டு, விலைதான் அதிகம்.