பச்சைக் காய்களும் கவாத்துக் கத்தியும்: பெங்களூர்த் திராட்சை பழுத்த வரலாறு

கோடை தொடங்கும் நாள்களில் பொம்மனஹள்ளியின் ஓசூர்ச் சாலையோரத் தள்ளுவண்டிகளில் கருநீலத் திராட்சை குவிந்திருக்கும். தடித்த தோல், வாயிலிட்டு அழுத்தினால் சதை வழுக்கிக்கொண்டு தனியே வந்துவிடும், விதை உண்டு, புளிப்பை மூடி மறைக்கும் ஒரு கனத்த மணமும் உண்டு. பெங்களூர் புளூ என்பது இதன் பெயர். உற்று நோக்கினால், கறுத்த பழங்களுக்கு நடுவே செம்மை படர்ந்தவையும் முற்றிலும் பச்சையானவையும் ஒரே குலையில் தொங்குவதைக் காணலாம். வாங்குவோர் அவற்றைக் கிள்ளி எறிந்துவிட்டு நடப்பர். ஆனால் இந்நகரைச் சூழ்ந்த திராட்சைத் தோட்டங்களின் வரலாறு பெரிதும் அந்தப் பச்சைக் காய்களோடு நடந்த போராட்டமே.

பெங்களூர் புளூ இம்மண்ணில் தோன்றியதன்று. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் குருதி கலந்த இசபெல்லா என்னும் கலப்பினமே இங்கு வந்து ஊர்ப்பெயர் பூண்டது. நோய்களைத் தாங்கும் வன்மையால் 19ஆம் நூற்றாண்டில் உலகின் பல பகுதிகளுக்கும் பரவிய கொடி அது. பெங்களூரின் சுற்றுப்புறத்தில் ஏறத்தாழ 150 ஆண்டுகளாக வேரூன்றியிருப்பதாகக் கூறுவர். பிரான்சு 1934ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்த கலப்பினங்களுள் இசபெல்லாவும் ஒன்று. இந்தியாவிலோ பெங்களூர் புளூவுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓரிடத்தில் விலக்கப்பட்ட கொடி மற்றோரிடத்தில் ஊரின் அடையாளமாயிற்று.

மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கும். திராட்சைக்கு அந்த வாய்ப்பு இல்லை. கொடியிலிருந்து அறுத்த நொடியில் அதன் இனிப்பு நின்றுவிடுகிறது. ஆகவே அறுவடைக்கு முந்தைய சில வாரங்களே எல்லாவற்றையும் முடிவு செய்கின்றன. பிஞ்சு முதலில் கடினமாகவும் பச்சையாகவும் புளிப்பைச் சேர்த்துக்கொண்டே பருக்கிறது. பிறகு சிறிது காலம் வளர்ச்சி மந்தமாகிறது. அதன்பின் சில நாள்களுக்குள் காய் இளகி, தோலில் நிறம் ஏறுகிறது. இலைகள் ஆக்கிய சர்க்கரை அப்போதுதான் விரைந்து பழத்துக்குள் இறங்குகிறது. மாலிக் அமிலத்தைப் பழமே தன் சுவாசத்தில் எரித்துக் குறைக்கிறது. டார்டாரிக் அமிலம் அவ்வளவாகக் கரைவதில்லை. வெப்பமான இரவுகளில் மாலிக் அமிலம் விரைந்து அழியும், குளிர்ந்த இரவுகளில் தங்கும். இதற்கிடையே விதை பச்சையிலிருந்து பழுப்பாகித் துவர்ப்புத் தணிய வேண்டும். சர்க்கரையும் விதையும் வெவ்வேறு கடிகாரங்களில் ஓடுகின்றன. வெப்ப நாடுகளில் முதற்கடிகாரம் முந்திக்கொள்கிறது. நாவுக்கு இனித்தாலும் விதை கசக்கும் பழம் விளைகிறது.

ஐரோப்பாவில் இந்தக் கடிகாரங்களை முடுக்கிவிடுவது குளிர்காலம். இலையுதிர்த்து உறங்கிய கொடி வசந்தத்தில் ஒருங்கே துளிர்க்கிறது. தக்காணத்தில் கொடி உறங்குவதே இல்லை. விட்டுவிட்டால் ஆண்டு முழுவதும் தழைத்துக்கொண்டேயிருக்கும். அந்த உறக்கத்தின் இடத்தைக் கவாத்துக் கத்தி எடுத்துக்கொண்டது. ஏப்ரலில் ஒரு கவாத்து: கிளைகள் வலுப்பெற்று, அடுத்த விளைச்சலுக்கான மொட்டுகள் உள்ளே உருவாவதற்கு. அக்டோபரையொட்டி மற்றொன்று: பூத்துக் காய்ப்பதற்கு. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை உழவர் கவாத்தை மாற்றி மாற்றிச் செய்து ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை காண்கின்றனர். பெங்களூர் புளூவிலும் அவ்வாறு இரு விளைச்சல் எடுப்பதுண்டு. ஒயினுக்கான ஐரோப்பிய வகைகளிலோ இரண்டு கவாத்துக்கு ஓர் அறுவடைதான்.

இரண்டாம் கவாத்தின் நாளைக் குறிப்பது எளிதன்று. பெங்களூரில் மழை மிகுவது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில். முந்தி வெட்டினால் இளந்தளிரும் பூங்கொத்தும் அம்மழையில் அடிச்சாம்பல் நோய்க்கு இரையாகும். பிந்தினால் பழம் முதிர்வது மார்ச் கடந்த வெயிலில். அத்துடன் ஏப்ரலின் கோடைமழை வந்து சேரும், தோல் வெடிக்கும், குலை அழுகும். இடைப்பட்ட சில வாரங்களே உழவருக்கு உரியவை. அவற்றைச் சரியாகப் பிடித்தால் பழுக்கும் பருவம் பிப்ரவரியில் அமையும்: பகலில் 30 பாகையை ஒட்டிய வறண்ட வெயில், இரவில் 17, 18 பாகைக்கு இறங்கும் குளிர்.

1980களில் கன்வல் குரோவர் ஷாம்பெயின் பகுதியின் ஜார்ஜ் வெசெல் துணையுடன் இந்தியாவில் ஒயின் திராட்சைக்கு ஏற்ற நிலம் தேடியபோது, நந்தி மலையடிவாரத்துத் தொட்டபள்ளாபுரம் பகுதியில் வந்து நின்றதற்கு இவ்விரவுகள் முக்கியக் காரணம். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், விளைச்சல் காலத்தின் புளிப்பைக் காக்கிறது. 1988இல் குரோவர் நிறுவனம் தொடங்கியது. அதன் தோட்டங்களில் கொடி பந்தலில் படரவில்லை. கம்பிகளில் வேலிபோல் நிமிர்த்திக் கட்டப்பட்டது. பந்தலில் எடை மிகுதியாக விளையும், ஆனால் குலை இலைநிழலில் தொங்கும். நிறமும் முதிர்ச்சியும் ஒன்றுபோல் அமைவதில்லை. தள்ளுவண்டியின் பச்சைக் காய்களுக்கு அந்நிழல் ஒரு காரணம், வகையின் இயல்பே மற்றொன்று.

ஹெசரகட்டாவில் 1967இல் நிறுவப்பட்ட இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வேறொரு வழியை முயன்றது. பெங்களூர் புளூவை அனாப்-இ-ஷாஹியுடன் சேர்த்து அர்கா ஹன்ஸ், பிளாக் சம்பாவுடன் சேர்த்து அர்கா ஷியாம் என்னும் கலப்பினங்களை உருவாக்கியது. உள்ளூர்க் கொடியின் வன்மை மாறாமல் பழத்தை மேம்படுத்தும் நோக்கம் அது. எனினும் அவை பெங்களூர் புளூவின் இடத்தைப் பிடிக்கவில்லை. விலையைத் தீர்மானித்தது நாவன்று, தராசு.

இங்குதான் உழவருக்கும் ஒயின் ஆலைக்கும் இடையிலுள்ள உண்மையான பிணக்கு. நூறு கிராம் சாற்றில் 22 கிராமுக்குக் குறையாத சர்க்கரை, அதாவது 22 பிரிக்ஸ், ஆலைக்கு வேண்டும். அதிலிருந்தே ஏறத்தாழ 12 விழுக்காடு மது நொதிக்கும். பெங்களூர் புளூ பெரும்பாலும் அந்த அளவை எட்டாது. அதனாலேயே அதன் சாறு சர்க்கரையும் சாராயமும் சேர்ந்த மலிவான இனிப்பு ஒயினுக்குப் போயிற்று. பழத்தை இன்னும் பத்து நாள் கொடியிலேயே விட்டுவைத்தால் இனிப்புக் கூடும் என்பது உழவர் அறியாததன்று. அந்தப் பத்து நாளில் நீர் வற்றி எடை குறையும், பறவை கொத்தும், மழை வரலாம். எடைக்கு மட்டும் பணம் தரும் சந்தையில் காத்திருப்பது இழப்பு. 2007இல் கர்நாடகம் ஒயின் கொள்கையை வகுத்து, ஒயின் வாரியத்தையும் அமைத்தபின், ஆலைகள் ஒப்பந்த அடிப்படையில் கொள்முதல் செய்வது பெருகிற்று. இனிப்பையும் நிறத்தையும் ஒட்டி விலை பேசுவது அப்போதுதான் தோட்டங்களுக்குள் நுழைந்தது. ஒளிவிலகல்மானி என்னும் கையடக்கக் கருவியில் இரு துளிச் சாற்றை விட்டுக் கண்ணருகே வைத்துப் பார்க்கும் வழக்கமும் அதனுடன் வந்தது.

அதே ஆண்டில் பொம்மனஹள்ளி நகரசபை பெருநகர் பெங்களூரு மாநகராட்சிக்குள் இணைந்தது. மறு ஆண்டு, 2008 மே மாதத்தில், தேவனஹள்ளியில் விமான நிலையம் திறக்கப்பட்டது. பெங்களூர் புளூவின் பந்தல்கள் செறிந்திருந்த வட்டங்களுள் தேவனஹள்ளியும் ஒன்று. பழம் முதிரக் காத்திருப்பதைவிட நிலம் விலையேறக் காத்திருப்பது அங்கே எளிதாயிற்று.