குடும்பப் பராமரிப்பாளர் நலம்

குடும்பப் பராமரிப்பாளர் என்பவர் நோய், முதுமை, உடற்குறைபாடு ஆகியவற்றால் அன்றாடச் செயல்களைத் தாமே செய்துகொள்ள இயலாத ஒருவரை, ஊதியம் பெறாமல் வீட்டிலேயே கவனித்துக்கொள்ளும் உறவினர் ஆவார். பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் அல்லது தாய் இப்பொறுப்பை ஏற்பது தமிழ்நாட்டு வழக்கம். இவர்களுடைய உடல்நலம், உளநலம், வருவாய் ஆகியவற்றைக் காப்பதற்கான வழிமுறைகளும் உதவிகளும் குடும்பப் பராமரிப்பாளர் நலம் எனப்படும். சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றின் நிலையை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது.

பராமரிப்புச் சுமை

பராமரிப்பினால் ஏற்படும் களைப்பு, மன உளைச்சல், பணமுடை, தனிமை ஆகியவற்றைச் சேர்த்துப் பராமரிப்புச் சுமை என்பர். மறதிநோயாளிகளின் உறவினரிடம் வினாக்கள் கேட்டு இச்சுமையை அளக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் சாரிட்டும் உடன் ஆய்வாளர்களும் 1980இல் வெளியிட்டனர். அதன் 22 வினாக்கள் கொண்ட வடிவம் பல நாடுகளில் பயன்படுகிறது.

1999இல் ரிச்சர்டு சூல்ஸ், ஸ்காட் பீச் ஆகியோர் அமெரிக்க முதியோரிடையே மேற்கொண்ட ஆய்வின் முடிவு குறிப்பிடத்தக்கது. நோயுற்ற வாழ்க்கைத்துணையைப் பராமரித்து அதனால் நெருக்கடியை உணர்ந்தோர் நான்கு ஆண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு, அப்பொறுப்பு இல்லாதோரைவிட 63 விழுக்காடு மிகுந்திருந்தது. பராமரித்தும் நெருக்கடியை உணராதோரிடம் இத்தகைய உயர்வு காணப்படவில்லை. பராமரிப்பைவிட, போதிய துணையின்றி அதைச் சுமப்பதே கேடு விளைக்கிறது எனக் கருத இது இடமளிக்கிறது.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டாரைக் கவனிக்கும் ஊதியமற்ற பணியில் பெண்களில் 27.6 விழுக்காட்டினரும் ஆண்களில் 14.0 விழுக்காட்டினரும் ஈடுபட்டனர். இதில் குழந்தை வளர்ப்பும் அடங்கும்.

வரலாறு

உளநோயாளியின் குடும்பத்தாரை மருத்துவத்தில் பங்குபெறச் செய்யும் முறை இந்தியாவில் 1950களிலேயே தொடங்கியது. அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், உறவினர்களை மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களில் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் உறவினர் ஒருவர் நோயாளியுடன் தங்கும் முறையைக் கைக்கொண்டது.

சென்னையில், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் சாரதா மேனன் 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தை (ஸ்கார்ஃப்) நிறுவினார். நோயாளிகளின் உறவினர்களைக் கொண்ட ஆஷா என்னும் அமைப்பு உருவாகவும் அவர் துணைநின்றார். ஸ்கார்ஃப் அம்பத்தூருக்கு அருகில் அண்ணா நகர் மேற்கு விரிவில் இயங்குகிறது. மறதிநோய்ப் பராமரிப்புக்கும் இங்குத் தனிப் பிரிவு உண்டு.

உடலும் உறக்கமும்

படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனிப்போர்க்கு முதலில் பாதிக்கப்படுவது முதுகு. நோயாளியை இடுப்பிலிருந்து குனிந்து தூக்குதல் கூடாது. அவருக்கு அடியில், தோள் முதல் தொடை வரை வரும்படி ஒரு பழைய போர்வையை நான்காக மடித்து விரித்து, இருபுறமும் இருவர் பிடித்து நகர்த்துவது எளிது. கட்டிலின் கால்களுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை வைத்து உயர்த்தினால் குனியும் அளவு குறையும். ஆனால் தாமே எழுந்து நடக்க முயலும் நோயாளிக்கு உயர்ந்த கட்டில் ஆபத்தானது.

படுக்கைப்புண் வராமலிருக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்புவர். இரவிலும் இதனை ஒருவரே செய்வாராயின் அவருக்குத் தொடர்ந்த உறக்கம் கிட்டாது. இரவை இரண்டாகப் பிரித்து, ஒருவர் நள்ளிரவு வரையும் மற்றவர் அதன் பின்னும் விழித்திருப்பது நல்லது. காற்று மெத்தை இருந்தால் புரட்டும் இடைவெளியை நீட்டலாமா என்பதைச் செவிலியரிடம் கேட்டறியலாம். பகலில் இரண்டு மணி நேரம் வேறொருவர் பொறுப்பேற்பதும் ஒருவகை ஓய்வுப் பராமரிப்பே. பார்க்க வரும் உறவினர் பழங்கள் வாங்கி வருவதைக் காட்டிலும் இந்த இரண்டு மணி நேரம் பெரிய உதவியாகும்.

பராமரிப்பாளர் தம் மருந்துகளையும் பரிசோதனைகளையும் தள்ளிப்போடுவது பொதுவாகக் காணப்படும் குறை. 2021 ஆகத்து 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை வழங்குகின்றனர். இயன்முறை மருத்துவமும் நோய்த் தணிப்புப் பராமரிப்பும் இதில் அடங்கும். நோயாளிக்காக அவர்கள் வரும்போது, பராமரிப்பாளரும் தம் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

பணியும் வருவாயும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரியும் ஒருவர் நோயுற்றவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க நேரிடுகிறது. பூந்தமல்லி வழியே புறநகர் ரயில் செல்லாததால் அங்குள்ளோர் பேருந்தையோ ஆட்டோவையோ நம்ப வேண்டும். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் காப்பீடு பெற்ற தொழிலாளியின் மருத்துவப் பயன் அவரைச் சார்ந்துள்ள பெற்றோருக்கும் உரியது. பலர் இதை மனைவி மக்களுக்கு மட்டுமே உரியது என எண்ணிப் பெற்றோரைப் பதிவு செய்யாமல் விட்டுவிடுகின்றனர்.

நடுவண் அரசு ஊழியர்கள் மிகுதியாக வாழும் ஆவடியில் மற்றொரு விதி பயன்படும். மாற்றுத்திறன் கொண்ட குழந்தையைப் பராமரிக்கும் ஊழியருக்கு வழக்கமான பணியிட மாற்றத்திலிருந்து விலக்களிக்க 2014 சூனில் ஆணை வெளியிடப்பட்டது. 2018இல் இது வாழ்க்கைத்துணை, பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரைப் பராமரிப்போருக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

அரசு உதவிகள்

தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு, தசைச்சிதைவு, பார்க்கின்சன் நோய் முதலியவை கொண்டோருக்கான மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2023 சனவரி முதல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இது நோயாளியின் பெயரில் வழங்கப்படுவது. பராமரிப்பாளரின் உழைப்புக்கான ஊதியம் அன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மிகுந்த துணை தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதையும் நலத்திட்டங்களில் சேர்த்துள்ளது.

எந்த அலுவலகத்தை அணுகுவது என்பதில் இப்பகுதியில் குழப்பம் உண்டு. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டு, 2018இல் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆதலால் அருகருகே வாழும் இரு குடும்பங்கள் வெவ்வேறு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகங்களில் விண்ணப்பிக்க நேரிடலாம். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மூளை முடக்குவாதம், மதியிறுக்கம் போன்றவை கொண்ட, 18 வயது நிறைந்தோருக்குப் பாதுகாவலரை நியமிக்கும் உள்ளூர்க் குழுவும் மாவட்ட அளவிலேயே அமைகிறது. தமக்குப் பின் மகனை யார் பார்ப்பார் என்று கவலையுறும் பெற்றோர் அறிய வேண்டிய ஏற்பாடு இது.

பெற்றோர் பராமரிப்பு முழுதும் ஒரு பிள்ளையின் மேல் விழுவதும் உண்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின்படி, பெற்றோர் ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மீது பராமரிப்புத் தொகை கோரித் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். ஒருவர் மீது மட்டும் விண்ணப்பம் வந்தால், அவர் கடமைப்பட்ட மற்றவர்களையும் வழக்கில் சேர்க்கக் கோரலாம்.

மூத்த குடிமக்கள் தொடர்பான உதவிக்கு 14567 என்ற எண்ணையும், மனநல ஆலோசனைக்கு 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானசு சேவையின் 14416 என்ற எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம். பின்னதை நோயாளிக்காக மட்டுமன்றிப் பராமரிப்பாளர் தமக்காகவும் அழைக்கலாம்.