பாதை, லோஞ்ச், கார்ட் பெட்டி

மகாவலி கங்கை மலைநாட்டிலிருந்து இறங்கி வந்து கொட்டியாரக் குடாவில் விழுகிறது. விழுவதற்கு முன் கிளை பிரிகிறது. வெருகல் ஆறு அதில் ஒன்று. கங்கையும் களப்புகளும் சேர்ந்து திருகோணமலைக்குத் தெற்கே உள்ள நிலத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கின்றன. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதியில் 2009க்கு முன் பயணம் செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல், காயாங்கேணி என்று துறைக்குத் துறை இறங்கி, அக்கரையில் நிற்கும் பாதை இக்கரைக்கு வரும்வரை வெயிலில் காய்ந்தவர்கள் அவர்கள். மிதவைகளின் மேல் பலகை அடித்து ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடத்தும் அந்தப் பாதையை விட்டுவிட்டு எங்கள் மாவட்டத்தின் மோட்டார் சைக்கிள் சரித்திரத்தை எழுத முடியாது.

திருகோணமலை அன்புவழிபுரத்தில் கராஜ் வைத்திருப்பவன் நான். அப்பா டொக்யாட்டில் பிற்றர். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போன பிறகு, தன் கையில் இருந்த ஸ்பானர்களை நம்பி வீட்டு முற்றத்திலேயே வேலை தொடங்கினார். அவர் தொழில் பழகிய வண்டி பிஎஸ்ஏ எம்20. 496 சிசி, பக்க வால்வு எஞ்சின், இரண்டாம் உலக யுத்தத்தில் செய்தி கொண்டு ஓடியவர்களுக்காக லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. வேகம் கிடையாது, ஆனால் எந்த மணலிலும் போகும். அதைப் பாதையில் ஏற்றுவதற்கு நாலு பேர் வேண்டும் என்று அப்பா சொல்லுவார். வண்டியைத் திருத்தத் தெரிந்தவனுக்கு அதைத் தூக்கவும் கட்டவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு நானும் முதலில் கயிறு கட்டத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

இந்தக் கட்டுரை பந்தயத்துக்குப் போன வண்டிகளைப் பற்றியது. எங்கள் பக்கத்தில் பந்தயம் ஓட இடமில்லை. இருந்திருக்கலாம். உலகத்தில் பேர்பெற்ற பந்தயத் தடங்கள் பல, யுத்தம் முடிந்து சும்மா கிடந்த விமான ஓடுபாதைகள்தான். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் குண்டுவீச்சு விமானத் தளமாக இருந்து 1948இல் பந்தயத் தடமானது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் யுத்தகால ஓடுபாதை ஒன்றில் பல வருடங்கள் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை தென்னிந்தியாவின் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு அதுதான் தலம். நம் நாட்டில் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையும் அப்படித்தான், யுத்தக் காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளம். திருகோணமலையிலும் அதே காலத்து ஓடுபாதை சீனக்குடாவில் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் வந்து குண்டு போட்ட இடம். ஆனால் அது விமானப் படையின் கையிலேயே இருந்துவிட்டது. ஆகவே பந்தய ஆசை பிடித்த எங்கள் பையன்கள் வெளியே போக வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் அவர்கள் கண்ணெல்லாம் நுவரெலியாவில்தான். அங்கே மகாகஸ்தோட்டையில் மலையேறும் பந்தயம் 1934இல் தொடங்கியது.

லொறி இல்லாமல் பந்தயத்துக்குப் போவது அப்போது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. 1907இல் மேன் தீவில் முதல் டிடி மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தபோது இங்கிலாந்திலிருந்து போன வண்டிகள் கப்பலில்தான் கடல் தாண்டின. இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகும் இங்கிலாந்தில் எத்தனையோ பேர் வேலைக்குப் போகும் வண்டியிலேயே தடத்துக்குப் போய், ஹெட்லைட்டையும் ஸ்டாண்டையும் கழற்றி வைத்துவிட்டு ஓடி, மாலையில் திரும்பப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். கொஞ்சம் வசதியுள்ளவர்கள் இன்னொரு வண்டியின் பக்கத்தில் சைட்கார் சட்டம் பூட்டி, அதன் மேல் பலகை அடித்து, பந்தய வண்டியை அதில் நிறுத்திக் கட்டிக்கொண்டு போனார்கள். நியூசிலாந்துக்காரர் பேர்ட் மன்ரோ 1920ஆம் ஆண்டு இந்தியன் ஸ்கவுட் ஒன்றைத் தன் கொட்டிலில் வைத்துச் செதுக்கி, கப்பலேற்றி அமெரிக்காவின் பொன்னவில் உப்பு வெளிக்குக் கொண்டுபோனார். 1967இல் மணிக்கு 183 மைலுக்கு மேல் ஓடிச் சாதனை வைத்தார். அவருடைய ஓட்டத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கப்பலில் வண்டியைக் கட்டியவனைத் தெரிந்துகொள்ள ஆசை.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்து ஜப்பானிய வண்டிகள் நிறைய வந்தன. 1983க்கு முந்திய அந்தச் சில வருடங்கள்தான் எங்கள் கராஜின் நல்ல காலம். மூதூரிலிருந்து ஒரு தம்பி தன் ஹோண்டா சிபி125ஐ நுவரெலியாவில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று வந்தான். மூதூரிலிருந்து தரைவழியே வருவதென்றால் இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று துறை துறையாகக் கடக்க வேண்டும். ஆகவே அவன் லோஞ்ச் என்ற மோட்டார் படகில் குடாவை நேரே தாண்டி வந்தான். பந்தயம் முடிந்து வண்டியைத் திரும்பக் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். லோஞ்ச்காரர்களின் வேலையை அன்றுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

இறங்குதுறையிலிருந்து லோஞ்சின் விளிம்புக்கு இரண்டு பலகைகள் போடுவார்கள். ஒன்றில் சில்லு உருளும். மற்றதில் ஹேண்டில் பிடித்தவன் நடப்பான். பின்னால் ஒருவன் கேரியரைப் பிடிப்பான். லோஞ்சுக்குள் இரண்டு பேர் முன் ஃபோர்க்கை வாங்கக் காத்து நிற்பார்கள். கஷ்டமெல்லாம் அலையில் இருக்கிறது. லோஞ்ச் எழும்பும்போது பலகை மேட்டுக்கு நிமிரும், தாழும்போது பள்ளத்துக்குச் சரியும்.

"தம்பி, அவசரப்படாதீங்க. எழும்புற நேரம் பிரேக்கப் பிடிச்சு நில்லுங்க. இறங்குற நேரம் நான் சொல்றன், அப்ப தள்ளுங்க" என்றார் அங்கே நின்ற லோஞ்ச்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம்). அவர் வண்டியைப் பார்க்கவில்லை; கடலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று அலை விட்டு நாலாவதுக்கு "இப்ப" என்றார். ஒரே தள்ளில் வண்டி உள்ளே போய்விட்டது.

அதன் பிறகு கட்டுவது. லோஞ்சின் நடுவில், எஞ்சின் பாரம் இரண்டு பக்கமும் சமமாக விழும் இடத்தில் வண்டியை நிறுத்தி, கியரில் போட்டார்கள். நியூட்ரலில் விட்டால் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் உருண்டு கயிற்றைத் தளர்த்திவிடும். கயிற்றை ஹேண்டிலின் நுனியில் கட்டாமல், ஃபோர்க்கின் கழுத்தில் கொடுத்து இரு விளிம்புக்கும் இழுத்தார்கள். ஸ்பிரிங் பாதி அமுங்கும்வரை ஒருவர் வண்டியின் மேல் படுத்து அழுத்த, மற்றவர் முடிச்சைப் போட்டார். அமுங்கிய ஸ்பிரிங் எப்போதும் கயிற்றை இறுக்கிக்கொண்டே இருக்கும். அலை தூக்கினாலும் முடிச்சு நெகிழாது. கயிறு உராயும் இடமெல்லாம் நனைத்த சாக்குத் துண்டு. இன்று கடையில் ராட்செட் பட்டி வாங்கிக் கட்டுகிறவர்களும் இதே கணக்கில்தான் கட்டுகிறார்கள். பெற்றோல் குழாயை அடைத்து, கார்பரேட்டர் கிண்ணத்தில் நின்ற பெற்றோலையும் வடித்துவிட்டார்கள். அக்கரையில் இறங்கியதும் செய்த முதல் வேலை, செயினையும் ஸ்போக்குகளையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தது. கொட்டியாரக் குடாவின் தூறல் ஒரு மணி நேரம் பட்டால் போதும், மறுநாள் காலையில் ஸ்போக்கில் சிவப்புப் படிந்திருக்கும். வாடைக் காற்றுக் காலத்தில், நவம்பர், டிசம்பர் மாதங்களில், அந்தக் காக்காமார் மோட்டார் சைக்கிள் ஏற்றவே மாட்டார்கள். ஆட்களை ஏற்றுவதே பெரும்பாடு.

நுவரெலியாவுக்குப் போனபோது, திருகோணமலையிலிருந்து மேலே ஏறுவதற்கு ரெயில். கல்லோயாவிலிருந்து பிரிந்து வரும் எங்கள் ரெயில் பாதை 1927இல் திறந்தது. நுவரெலியாவுக்கு ஓட்டியே போகலாமே என்று கேட்பார்கள். மலையேற்றத்துக்காகப் பின் சில்லுக்குப் பெரிய பல்சக்கரம் பூட்டிய வண்டியை நெடுந்தூரம் ஓட்டினால், மணிக்கு 50 கிலோமீட்டரிலேயே எஞ்சின் அலறும். பந்தயத்தில் அரைமணி நேரம்கூட ஓடாத எஞ்சின், அங்கே போய்ச் சேருமுன்பே தேய்ந்துவிடும். ஆகவே டேங்கை ஸ்டேஷன் வாசலில் வடித்து, கால் மிதியிலும் லீவர்களிலும் சாக்குச் சுற்றி, லேபல் கட்டி, பார்சலாகக் கார்ட் பெட்டியில் ஏற்றினோம். இரவு மெயில் நடுச்சாமம் தாண்டிப் பொல்காவலைக்குப் போகும். அங்கே இறக்கி, விடியும்வரை பிளாட்போமில் வண்டிக்குக் காவலிருந்து, மலைநாட்டு ரெயிலில் மாற்றி நானுஓயாவில் இறங்க வேண்டும். பொல்காவலையில் போட்டர்கள் எங்களைப் பார்த்த பார்வையில் முதலில் சலிப்பு, பிறகு ஆர்வம். திருகோணமலையிலிருந்தா, பந்தயத்துக்கா என்று கேட்டார்கள். நாலு பேர் சேர்ந்து தூக்கித்தான் மாற்றினார்கள்.

கடல் மட்டத்தில் டியூன் செய்த எஞ்சின் நானுஓயாவில் மூச்சு முட்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றில் அடர்த்தி குறைவு, அதே ஜெட்டில் பெற்றோல் கூடிப்போய் ப்ளக் கறுத்துவிடும். அன்புவழிபுரத்தில் இருந்துகொண்டு இதற்கு ஒத்திகை பார்க்க இடமே இல்லை. அப்பா நாலைந்து அளவு மெயின் ஜெட்களைத் தீப்பெட்டியில் போட்டுத் தந்திருந்தார், ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, அளவை எழுதி. ஸ்டேஷனுக்கு வெளியே, குளிரில் விரல் விறைக்க விறைக்க, சிறியதாக ஒன்றை மாற்றிப் பூட்டினேன். ஒரு உதையில் எடுத்தது. அந்தச் சத்தம் கேட்டபோது மூதூர்த் தம்பி என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கை மறக்கமாட்டேன். அவன் பந்தயத்தில் வெல்லவில்லை. வென்றவர்கள் கொழும்பிலிருந்து வண்டியை வான் வாகனத்தில் ஏற்றிக் கொண்டுவந்தவர்கள். ஆனால் ஒரு பாகமும் தவறாமல் அங்கே போய், ஓடி, திரும்பவும் ரெயிலிலும் லோஞ்சிலும் ஏறி அவனுடைய வீட்டு வாசலில் நின்ற வண்டி அது. அப்பா அதை இறந்து போகும்வரை பெருமையாகச் சொல்லுவார்.

1983 ஜூலைக் கலவரத்தோடு உள்நாட்டு யுத்தம் தொடங்கிய பிறகு பந்தயம் என்ற பேச்சே எடுபடவில்லை. மோட்டார் சைக்கிள் வைத்திருப்பதே சந்தேகத்துக்கு இடமானது. துறையிலும் லோஞ்சிலும் சோதனையிட்டவர்கள் சீட்டைக் கழற்றச் சொன்னார்கள், டேங்குக்குள் கம்பி விட்டுப் பார்த்தார்கள், பதிவுப் புத்தகமும் அடையாள அட்டையும் ஒத்துப்போகாவிட்டால் வண்டி அங்கேயே நின்றது. ரெயில் பலமுறை நின்று நின்று ஓடியது. 1993இல் தியத்தலாவையில் பொக்ஸ்ஹில் சுப்பர்குரொஸ் தொடங்கியது. இராணுவம் நடத்திய போட்டி, இராணுவ முகாம் நிலத்தில். எங்கள் பையன் ஒருவன் அந்த வாசலில் வண்டியோடு போய் நிற்பதை அப்போது கற்பனைகூடச் செய்ய முடியாது. வேகத்தில் ஆசையும் கையில் திறமையும் இருந்த ஒரு முழுத் தலைமுறை, கராஜ் வாசலில் நின்று எஞ்சின் சத்தத்தைக் கேட்டதோடு சரி. அதில் எத்தனையோ பேர் இன்று கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். இல்லாமல் போனவர்களும் உண்டு.

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபர் 20இல் திறந்தது. 396 மீட்டர், அப்போது நாட்டிலேயே நீளமான பாலம். அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்தது. பாதைகள் போனதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில், மாற்றாக ஓடிய மிதவை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். அந்தச் செய்தி கேட்டவர்கள் யாரும் பழைய பாதையை நினைத்து ஏங்கமாட்டார்கள். நான் எழுதி வைக்க விரும்புவது அந்தப் பழைய பாதைகளில் பாரம் ஏற்றத் தெரிந்திருந்த கைகளைப் பற்றித்தான்.

இப்போது எங்கள் பையன்கள் மின்னேரியாவுக்கும், அநுராதபுரத்துக்குப் பக்கத்தில் சாலியபுரத்துக்கும் போகிறார்கள். இரண்டும் இராணுவத் தடங்கள்தான். மண்ணில் ஓடும் வண்டிக்கு லைட்டும் இல்லை, இலக்கத் தகடும் இல்லை. வீதியில் ஓட்டிப் போக முடியாது. காசுள்ளவன் பட்டா என்ற சின்ன லொறியைப் பிடிக்கிறான். இல்லாதவன் தெரிந்தவரின் வானில் பின் சீட்டைக் கழற்றி, முன் சில்லைக் கழற்றிய வண்டியைக் குறுக்காகச் சாய்த்துக்கொண்டு போகிறான். 2022இல் கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல்தான் என்றபோது வானும் இல்லை, பட்டாவும் இல்லை. அப்போது ஒரு பையன் என்னிடம் வந்து, "அங்கிள், ரெயில்ல போடலாமா?" என்று கேட்டான். மட்டக்களப்பு ரெயில் பாதையில் மின்னேரியாவுக்கு ஸ்டேஷன் இருக்கிறது. கல்லோயாவில் மாற்ற வேண்டும். டேங்கை வடிப்பது, ஃபோர்க் கழுத்தில் கயிறு கொடுப்பது, ஸ்பிரிங்கை அமுக்கி முடிச்சுப் போடுவது எல்லாவற்றையும் என் முற்றத்தில் வைத்துக் காட்டிக் கொடுத்தேன். சாக்கு மட்டும் கிடைக்கவில்லை. பழைய டியூப்பை வெட்டிச் சுற்றினோம்.

மூதூரிலும் கிண்ணியாவிலும் லோஞ்சிலும் பாதையிலும் வேலை செய்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள், எழுபது வயதைத் தாண்டி. மாட்டையும் நெல்மூட்டையையும் கலியாண வீட்டுச் சாமானையும் மோட்டார் சைக்கிளையும் ஒரே மிதவையில் எப்படிப் பாரம் பிரித்து ஏற்றினார்கள் என்பதை அவர்களிடம் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். மூதூர் காக்கா ஒருவர் முடிச்சுகளைக் கையால் போட்டே காட்டினார். அதை மகள் போனில் படம் பிடித்திருக்கிறாள். அடுத்தது வெருகல் துறைக்காரர்கள்.